கொன்னுட்டா

சாத்தூர் ஜனம் தீப்பெட்டி ஆபீஸ் சங்குக்கு எழுந்து சங்குக்குப் படுத்த காலம் போய், கோர்ட் கூடுகிற நேரத்துக்குப் பல் விளக்கி, கோர்ட் கலைகிற நேரத்துக்குக் காபி குடித்து, கோர்ட்டுக்கு விடுமுறை விட்டால் மட்டும் கல்யாணம் காதுகுத்து வைத்துக்கொண்டிருந்த ஒரு காலத்தில், செத்துப்போன தெய்வநாயகம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் டிக்கெட் எடுத்து பஸ்ஸில் வந்து இறங்கி, வெள்ளரிக்காய்ப்பேட்டைத் தெருவில் வேலுத்தாய் மெஸ்ஸுக்குள் நுழைந்து, கை கழுவிவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அவரைச் சொல்வதற்கு முன்னால் அவர் செத்த வழக்கைச் சொல்லவேண்டும். அந்தத் தெருவில் அவரைவிட அவருடைய சாவைத்தான் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்.

வடக்கே ஒரு பெரிய ஊர். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அங்கே பாத்திரக்கடை வைத்திருந்த தெய்வநாயகம் ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து, மனைவி மரகதம் வைத்த மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "கொன்னுட்டா... என்னைக் கொன்னுட்டா" என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன கையோடு சாய்ந்தார். சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர், எரித்தார்கள், சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் பந்தி நடந்தபோது, மாடிவீட்டுக்காரர் வடையைப் பிட்டுக்கொண்டே, அன்று படியேறும்போது தன் காதில் விழுந்ததை இறந்தவரின் தம்பியிடம் சொன்னார். தம்பிக்கு அந்த வடை தீர்வதற்குள் சந்தேகம் முளைத்துவிட்டது. கடை இனி அண்ணிக்குத்தான் என்கிற விவரம் சந்தேகத்துக்குக் கொஞ்சம் உரம் போட்டிருக்கலாம். ஆனால் உடம்பு இல்லை, விஷம் இல்லை, குழம்புச் சட்டியையும் மரகதம் அன்றைக்கே கழுவிக் கவிழ்த்துவிட்டாள். மிஞ்சியது ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அரசாங்கம் கொலை வழக்குப் போட்டது. கோர்ட்டை நேரலையில் காட்டலாம் என்று புதிதாகக் கிடைத்த அனுமதியை வைத்துக்கொண்டு ஒரு டிவிக்காரன் அந்த வழக்கை மூன்று வருஷம் ஓட்டினான். மரகதமோ கூண்டில் ஏறிய நாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் விடுவானா? வேலுத்தாய் மெஸ்ஸில் பெரிய டிவி இருந்தது, ஆகையால் தெருவே அங்கே கூடியது, கூடிய தெரு இரண்டாகப் பிரிந்தது. சுவரோரம் உட்கார்ந்தவர்கள் கொன்னா கட்சி. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் கொல்லலை கட்சி. கொன்னா கட்சிக்கு வேலுத்தாயே தலைவி. கரண்டியை நீட்டி அவள் பேச ஆரம்பித்தால் அரசாங்க வக்கீலே வந்து குறிப்பெடுத்துக்கொள்ள வேண்டும். கொல்லலை கட்சிக்குத் தாலுகா ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அய்யாக்கண்ணு தலைவர். மரகதத்தின் மேல் இரக்கப்பட்டு அவர் கட்சி ஆரம்பித்ததாக நினைத்துவிடக் கூடாது. மீன்காரனைக் கைக்குள் போட்டுக்கொண்டு தம்பிதான் கொன்றான் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

"நெருப்பில்லாம புகையுமா? குத்தம் செய்யாதவ எதுக்கு அன்னைக்கே சட்டியைக் கழுவுதா?" என்பாள் வேலுத்தாய்.

"அப்ப இந்த மெஸ்ஸில தினமும் கொலை நடக்குதுன்னு சொல்லு தாயி" என்பார் அய்யாக்கண்ணு. ஜன்னலோரம் சிரிக்கும், சுவரோரம் முறைக்கும், வாழையிலைக்கு அடியில் ரசம் ஓடும்.

தெருவின் பேச்சே மாறிப்போயிருந்தது. கடைக்குப் போகச் சொன்னால் பிள்ளைகள் வாய்தா கேட்டன. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால் புருஷன்மார் "ஞாபகமில்லை ஐயா" என்றார்கள். இருவீட்டுச் சம்மதத்தோடு பாக்குவெற்றிலை மாற்ற இருந்த ஒரு சம்பந்தம், பெண் வீடு கொன்னா கட்சி, மாப்பிள்ளை வீடு கொல்லலை கட்சி என்று தெரிந்ததும் முறிந்தது. ஜாதகம் பொருந்தி என்ன செய்ய? இத்தனைக்கும் நடுவில் கல்லாவில் உட்கார்ந்திருந்த வேலுத்தாயின் புருஷன் சங்கரலிங்கம் மட்டும் எந்தக் கட்சியும் இல்லை. அவர் வாய்விட்டுப் பேசிப் பார்த்தவர்கள் தெருவில் குறைவு.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் தெய்வநாயகம் வந்து உட்கார்ந்தார். டிவியில் அவருடைய மாலை போட்ட படம் ஓடிக்கொண்டிருந்தது. சோறு வைக்க வந்த வேலுத்தாய் படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள்.

"நீங்க அவுகதானே?"

"ஆமாம்மா."

"செத்துட்டீகளே?"

"ஆமாம்மா. அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன்."

"சாம்பாரா, வத்தக்குழம்பா?"

"மீன் குழம்பு இல்லீங்களா?"

"செவ்வாக்கிழமை மீனா?" என்று அவள் சாம்பாரை ஊற்றினாள். ஜன்னலோரத்திலிருந்து அய்யாக்கண்ணு கையைத் தூக்கினார். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. உங்களைச் சாயங்காலம் விசாரிப்போம். இப்ப கோர்ட் ஆரம்பிச்சிருச்சு, கொஞ்சம் தலையைக் குனிஞ்சு உக்காருங்க, மறைக்குது."

எரித்துக் கரைத்த மனிதர் எப்படி முழுசாக வந்தார் என்று அந்தத் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. மூன்று வருஷமாக மாடிவீட்டுக்காரர் சொன்னதையே நம்பியவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம்? சட்டையில் லேசாக விறகுப்புகை வாடை அடித்தது, அவ்வளவுதான். அவர் எவ்வளவு சாப்பிட்டாலும் இலையில் சோறு குறையவில்லை. மெஸ் நடத்துகிறவளுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் அமைவாரா?

கோர்ட் கலைந்த பிறகு அவரை நடுவில் உட்காரவைத்து விசாரித்தார்கள். அவர் முதலில் தன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். தம்பி கதவை அரைவாசி திறந்து, "அண்ணே, உனக்கு நியாயம் கேட்டு மூணு வருஷமா நாயா அலையறேன், நீயே குறுக்க வந்து கெடுக்காதே" என்று சாத்திவிட்டான். அப்புறம்தான், தன் வழக்கை நாட்டிலேயே அதிகமாக அலசுகிற தெரு இது என்று டிவியில் சொன்னது ஞாபகம் வந்து இங்கே பஸ் ஏறியிருக்கிறார்.

"நான் குழம்பைத்தான் சொன்னேன்" என்றார் தெய்வநாயகம். "அன்னைக்கு அப்படி ஒரு குழம்பு. கடையில பையன்கள் கிரிக்கெட் பாக்கும்போது, எவனாவது நல்லா அடிச்சா 'கொன்னுட்டான்டா'ன்னு கத்துவானுங்க. அந்த வார்த்தை எப்படியோ என் வாயில வந்துருச்சு. அவ அடுப்படியில இருந்தா. அவகிட்ட நேரா சொல்லக் கூச்சம். குழம்பைப் பார்த்துச் சொன்னேன். அப்புறம் நெஞ்சைப் பிடிச்சுது. அவ்வளவுதாங்க."



"அவ்வளவுதான்னா?" என்றார் அய்யாக்கண்ணு. "மூணு வருஷம் அண்ணாச்சி! தம்பிக்காரன் மீன்ல எதை வச்சான், எப்ப வச்சான்னு அணு அணுவா நிரூபிச்சு வச்சிருக்கேன். மாரடைப்புங்கிறீகளே, உங்களுக்கே அசிங்கமா இல்லையா?"

"குழம்பு நல்லா இருக்குன்னு எந்தப் புருஷன் சொல்லியிருக்கான்?" என்றாள் வேலுத்தாய். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு கட்சியும் ஒன்றுசேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தன: செத்தவர் பாதியிலேயே போய்விட்டவர், அதனால் நடந்தது முழுவதும் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பாவம், வெளியூர்க்காரர், நாலு நாள் தங்கி வழக்கைப் பார்த்தால் அவருக்கே விளங்கிவிடும். மாடியில் வெங்காய மூட்டை அடுக்கியிருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.

அவரும் தங்கினார். தெருவுக்கு அவர் பழகிப்போனார். காலையில் தண்ணீர் லாரி வந்தால் அவரும் குடம் பிடித்தார். பெண்கள் வந்து, "எங்க மாமியாரை அங்க எங்கயாவது பாத்தீகளா?" என்று கேட்டார்கள். இல்லையம்மா என்றால் "நல்லது" என்று நிம்மதியாகப் போனார்கள். மாமியார் திரும்பி வருகிற வழி ஏதாவது இருக்கிறதா என்பதுதான் அவர்கள் கவலை. டிவிக்காரன் வண்டியோடு வந்து, 'இறந்தவர் பேசலாமா?' என்று ஒரு விவாதம் நடத்தினான். நாலு பேர் மூச்சு விடாமல் பேசினார்கள், செத்தவர்களின் கருத்துரிமையைப் பற்றி ஒருவர் கண்ணீரே விட்டார், திரையின் ஐந்தாவது கட்டத்தில் தெய்வநாயகம் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். கடைசியில் "ஒரே வரியில் முடியுங்க" என்று அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் "குழம்பு" என்றதும் விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

விஷயம் மரகதத்தின் வக்கீலுக்குப் போய், அவர் கோர்ட்டில் எழுந்து, இறந்தவரே வாசலில் நிற்கிறார், சாட்சி சொல்ல அனுமதிக்கவேண்டும் என்று கேட்டார். நீதிபதி நிதானமானவர், ஆச்சரியப்படவில்லை. சாவதற்கு முன் ஒருவர் சொன்னது மரண வாக்குமூலம், அதற்கு மேல் ஒரு சாட்சி கிடையாது. செத்த பிறகு அவர் மனசு மாறி வேறு சொல்வதைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை, வெளியே வெயிலாக இருந்தால் நிழலில் நிற்கச் சொல்லுங்கள் என்றார். எமன் விட்டும் கோர்ட் விடவில்லை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதைதான். மரகதம் கூண்டில் நின்றபடி வாசல் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

வக்கீல் வெளியே வந்து தெய்வநாயகத்திடம் ஒரு வழி சொன்னார். "உங்க வாய் செல்லாது. நீங்க உயிரோட இருந்தப்ப, எதையாவது, யாரையாவது நல்லா இருக்குன்னு சொல்லிக் கேட்ட ஒரே ஒரு ஆளைக் கொண்டுவாங்க. இவர் பாராட்டுற மனுஷர்தான்னு நிரூபிச்சுட்டா, அந்தச் சொல்லைப் பாராட்டுன்னு நான் திருப்பிடுவேன். இல்லேன்னா அந்தம்மாவுக்கு ஆயுள்தான்."

ஒரே ஒரு ஆள். என்ன பெரிய காரியம் என்று கிளம்பினார். கடைப் பையன்கள் "அண்ணாச்சி தங்கமான மனுஷர், ஆனா பாராட்டா?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வருஷக்கணக்காக அவருக்கு முடிவெட்டியவர், "கண்ணாடியைப் பாத்துட்டு உம்முனு போவீங்க, அதைச் சொல்லட்டுமா?" என்றார். கூடப் பிறந்த அக்கா நெடுநேரம் யோசித்து, அவர் குழந்தையாக இருக்கும்போது ஒரு பசுமாட்டைப் பார்த்துச் சிரித்ததாகச் சொன்னாள். மாட்டைக் கூண்டில் ஏற்ற முடியாது.

அவர் திரும்பி வந்து மெஸ்ஸில் உட்கார்ந்தபோது வேலுத்தாய்க்குப் பொறுக்கவில்லை. "ஒரு தடவைகூடவா அண்ணாச்சி? இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கீக!"

"நல்லா இருந்தா சும்மா சாப்பிட்டுட்டு எந்திரிச்சுருவோம். நல்லா இல்லேன்னாத்தானேம்மா வாயைத் திறக்கணும்?"

மெஸ்ஸில் இருந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும், கட்சி பேதமில்லாமல், நியாயந்தானே என்று தலையை ஆட்டினார்கள். கல்லாவில் சங்கரலிங்கமும் ஆட்டினார். வேலுத்தாய் அவர் ஆட்டியதைப் பார்த்தாள். இந்த மனுஷன் நாளைக்கு இலைக்கு முன்னால் உட்கார்ந்து கொன்னுட்டா என்று சொல்லிவிட்டுச் சாய்ந்தால், நல்லா இருக்கு என்றுதான் சொன்னார் என்று நான் நினைப்பேனா? நானும் வாயை மூடிக்கொண்டு ஜெயிலுக்குத்தான் போவேன் என்று தோன்றியது. மூன்று வருஷமாகக் கரண்டியை நீட்டி யாரைக் கொலைகாரி என்று சொன்னோம் என்று நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அய்யாக்கண்ணு அதைத் தன் வாதத் திறமைக்குக் கிடைத்த வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

தெருவின் ஆண்பிள்ளைகளுக்கு வேறு விதமாகப் பயம் பிடித்தது. ஒரு பாராட்டாவது சொல்லி வைத்துக்கொண்டால் நாளைக்கு ஒரு அவசரத்துக்கு ஆகும் என்று வீட்டுக்கு வீடு ஆரம்பித்தார்கள். ஒருவன் "ரசம் பிரமாதம்" என்றதும் அவன் பெண்டாட்டி ஓடிப்போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொருத்தி "டாக்டர் என்ன சொன்னாரு, மறைக்காம சொல்லுங்க" என்று அழுதாள். மூன்றாமவள் "யாரு அவ?" என்று மட்டும் கேட்டாள். அந்த வாரம் தெருவில் நடந்த சண்டைகள் அதற்கு முன் நடந்ததில்லை. அடுத்த வாரம் எல்லோரும் பழையபடி உம்மென்று சாப்பிட்டார்கள், வீடுகளில் அமைதி திரும்பியது.

வழக்கு கடைசிக் கட்டத்துக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் ஏதாவது சொல்ல விரும்பினால் திங்கட்கிழமை சொல்லலாம், அதற்குப் பிறகு தீர்ப்புதான் என்றார் நீதிபதி. அவள் சொல்லமாட்டாள் என்பது தெருவுக்கே தெரியும். வேலுத்தாய் மெஸ்ஸைச் சங்கரலிங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு, தெய்வநாயகத்தைக் கூட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போய் மனுப் போட்டாள். காவலுக்கு இருந்த பெண் இரண்டு பேரையும் பார்த்தாள். "நீங்க போங்கம்மா. இவர் அவங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரர்."

"இவரைக் கொன்னதுக்குத்தானேம்மா அவங்க உள்ளே இருக்காங்க? இவரைப் பார்க்க விட்டா அப்புறம் எதுக்கு உள்ளே வச்சிருக்கோம்?" என்றாள் காவல்காரி. கேட்டதில் தப்பில்லை. தெய்வநாயகம் வெளியே புங்கமரத்தடியில் போய் நின்றார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற மரகதம் டிவியில் தெரிந்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். வேலுத்தாய் தான் யார் என்று சொல்லி, யார் அனுப்பி வந்தாள் என்பதையும் சொன்னாள்.

"என்ன சொன்னாராம்?" என்றாள் மரகதம்.

"அன்னைக்குக் குழம்பு அவ்வளவு நல்லா இருந்துச்சாம் மதினி. அதைத்தான் அப்படிச் சொன்னாராம்."

மரகதம் சிரித்தாள். "அப்ப அது அவர் இல்லீங்க."

"நானே தினமும் சோறு போடுதேன், எனக்குத் தெரியாதா?"

"யாரோ அவர் முகத்தை வச்சுக்கிட்டு வந்திருக்காங்க. கோர்ட் வாசல்ல நிக்கிறார்ன்னப்பவே நான் நம்பலை. அவருக்கு நல்லா இருக்குன்னு சொல்லத் தெரியாதுங்க. உப்பு கூடிப்போச்சு, புளி பத்தலை, காரம் சுருக்குன்னு இல்லை, இதுதான் நான் கேட்டது. அதுக்காகக் கெட்ட மனுஷர்னு சொல்லலை. பொய் சொல்ல மாட்டார். கொன்னுட்டான்னு அவர் சொன்னதை அடுப்படியில நின்னு நானும் கேட்டேன். அவர் வாயால சொல்லிட்டார்னா, என் கையில என்னமோ பிழை நடந்திருக்கு. அதான் நான் பேசலை. பேசி என்ன ஆகப்போகுது?"

வெளியே மூன்று வருஷம் நாடே இரண்டு கட்சியாக அடித்துக்கொண்டது, உள்ளே இவளும் கொன்னா கட்சி. மணி அடித்தது. திரும்பப் போன மரகதம் நின்று, வலைப் பக்கம் வந்தாள்.

"நிஜமாவே அவர்தான்னா, அன்னைக்குக் குழம்புல என்ன குறைன்னு கேளுங்க. ஒரு குறை சொல்லாம அவர் கை கழுவினதில்லை. அதைச் சொல்லிட்டார்னா நம்புறேன். நம்பினா, திங்கக்கிழமை வாயைத் திறக்கிறேன்."

புங்கமரத்தடியில் தெய்வநாயகம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அந்த மத்தியானத்தை முதல் கவளத்திலிருந்து கொண்டுவந்து பார்த்தார்.

"குறை ஒண்ணும் இல்லையேம்மா."

"உப்பு?"

"அளவா இருந்துச்சு."

"புளி?"

"அந்த மாதிரி ஒரு புளிப்பை நான் சாப்பிட்டதே இல்லை."

"அட, ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைங்க அண்ணாச்சி! வழக்கமா சொல்லுவீகள்ல, அதையே சொல்லுங்க!"

"வழக்கமா சொன்னதும் பொய்தாம்மா" என்றார் தெய்வநாயகம். "நல்லா இருந்ததைத்தான் அத்தனை வருஷமும் குறை சொன்னேன். பொம்பளைக்குத் தலைக்கனம் வந்துரக் கூடாதுன்னு எங்க அப்பா சொல்வார், எங்க அம்மா அப்படியே செத்தா. வாழ்நாள்ல ஒரே ஒரு நிஜம் சொன்னேன். அதையும் இல்லைன்னு சொல்லணுமா?"

சொல்லித்தான் ஆகவேண்டும் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காவல்காரி பூட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். தெய்வநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்தார். செத்தவர்களுக்கும் கண்ணில் தண்ணீர் வரும் போலிருக்கிறது.

"உப்பு தூக்கல்னு சொல்லுங்க."

வேலுத்தாய் ஓடினாள். காவல்காரியும் கல்யாணம் ஆனவள், இரண்டு நிமிஷம் விட்டாள். "உப்பு தூக்கலாம்" என்று வேலுத்தாய் வலை வழியாகச் சொன்னதும், மூன்று வருஷமாக அழாத மரகதம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "அவரேதான், அவரேதான்" என்று அழுதாள்.

திங்கட்கிழமை மெஸ்ஸில் சோறு கேட்பார் இல்லை. மரகதம் கூண்டில் நின்று பேசுவதைத் தெரு வாயைப் பிளந்து பார்த்தது.

"ஐயா, அன்னைக்குக் குழம்புல உப்பு கூடிப்போச்சு. உப்பைப் போட்டுக் கொன்னுட்டான்னுதான் அவர் சொன்னார். என் தப்புதான் ஐயா."

உப்பைப் போட்டுக் கொன்னுட்டா! அந்தத் தெருவில் நாளுக்கு ஒரு வீட்டிலாவது சொல்கிற பேச்சு. வேலுத்தாய் மெஸ்ஸிலேயே கூட்டு ருசிக்காத அன்றைக்கு யாராவது முணுமுணுத்திருப்பார்கள். மூன்று வருஷம் நாலு வக்கீல், ஒரு நீதிபதி, இரண்டு கட்சி அலசிய சொல்லுக்கு வீட்டில் தினமும் புழங்குகிற அர்த்தம் ஒருவருக்கும் தோன்றவில்லை. டிவியில் வந்துவிட்டால் சொல்லுக்குக்கூட அந்தஸ்து வந்துவிடுகிறது. வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு, மறுபடி சாட்சி விசாரிக்க அனுமதி வாங்கினார். பாராட்டியதற்கு ஒரு சாட்சி கிடைக்காத மனிதருக்கு, குறை சொன்னதற்கு வரிசை கட்டி வந்தார்கள். கடைப் பையன்கள் வந்தார்கள், முடிவெட்டுகிறவர் வந்தார், அக்கா மகிழ்ச்சியோடு வந்தாள். மாடிவீட்டுக்காரரே குறுக்கு விசாரணையில், "குறை சொல்றதைத் தவிர அவர் வேற என்ன சொல்லி நான் கேட்டிருக்கேன்?" என்று ஒப்புக்கொண்டார். நீதிபதிக்கும் வீடு, மனைவி, குழம்பு எல்லாம் உண்டு. இறந்தவர் தம் இயல்புக்கு ஏற்பவே கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கிறார் என்று தீர்ப்பெழுதி மரகதத்தை விடுதலை செய்தார்.

மெஸ்ஸில் இரண்டு கட்சிக்கும் தோல்வி. கொலையும் இல்லை, சதியும் இல்லை, உப்பு! அய்யாக்கண்ணு மேல்முறையீடு போகவேண்டும் என்றார். யார் போவது என்று அவருக்கே தெரியவில்லை. இனி மத்தியானத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் சிலர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள்.

தெய்வநாயகம் மட்டும் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கோர்ட் படிக்கட்டில் மரகதம் இறங்கி வந்தாள், முகத்துக்கு நேரே ஏழெட்டு மைக் நீண்டது. இப்போது என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்கள்.

"வீட்டுக்குப் போகணும். நல்ல மீனா வாங்கி, அதே குழம்பை வச்சு அவருக்குப் படைக்கணும்" என்றாள். "இந்தத் தடவை உப்பைக் குறைச்சுப் போடுவேன்."

"இல்லைடி, சரியாத்தான் இருந்துச்சு" என்றார் தெய்வநாயகம், டிவியைப் பார்த்து. யாரோ வெடி போட்டார்கள், அவர் சொன்னது பக்கத்தில் நின்ற வேலுத்தாய்க்கு மட்டும் கேட்டது.

அவர் மாடிக்குப் போய்த் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். வேலுத்தாய் வாசல்வரை கூடவே வந்தாள்.

"கேஸ்தான் முடிஞ்சுபோச்சே அண்ணாச்சி. இனிமே நிஜத்தைச் சொன்னா யாரும் பிடிச்சுப் போடப்போறதில்லை. போனதும் முதல்ல அதைச் சொல்லுங்க, அவ மனசு குளிரும்."

"சொன்னா அது நான் இல்லைன்னு ஆயிருமேம்மா" என்றார் தெய்வநாயகம். "உப்பு பத்தலைன்னு சொல்லிட்டுத்தான் கை கழுவணும்."

பஸ் வந்தது. அவர் ஏறி, டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்தார்.